சமையல் எண்ணெயில் ஓடிய கார்களும் ஒரு கலால் சட்டமும்

மத்திய கலால் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். "இது என்ன பொருள்?" என்று கேட்பதைவிட, "இது எங்கே போகிறது, எதற்குப் போகிறது?" என்று கேட்பதுதான் எங்கள் வேலையில் பெரும்பகுதி. உரத் தொழிற்சாலைக்குப் போகும் நாப்தாவுக்கு ஒரு தீர்வை. அதே நாப்தா வேறிடம் போனால் வேறு தீர்வை. 1944-ஆம் ஆண்டு விதிகளின் பத்தாம் அத்தியாயம் முழுக்க இந்த விவகாரம்தான். எல்-6 உரிமம், பிணைப் பத்திரம், தனிக் கணக்குப் புத்தகம் என்று அதற்கு ஒரு சடங்கே உண்டு. பழைய சகாக்கள் இதைப் படித்தால் சிரித்துக்கொள்வார்கள்.

அந்தக் கேள்வி ஒரு வீட்டுச் சமையலறை வரைக்கும் போனால் என்ன ஆகும்? பிரிட்டனில் போனது. கடையில் வாங்கிய சமையல் எண்ணெயைக் காரில் ஊற்றி ஓட்டியவர்களைப் போலீஸ் மோப்பம் பிடித்துத் தேடிய கதை அது. கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அரசாங்கம் எதற்கு வரி போடலாம், எவ்வளவு சிறியதைக் கண்டும் காணாமல் விட வேண்டும் என்ற பெரிய கேள்வி அதற்குள் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடலை எண்ணெயில் தொடங்கியது

டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் 1858-இல் பாரிஸில் பிறந்தவர். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாப் பகுதியைச் சேர்ந்தவர்கள். ஆகஸ்ட் 10-ஆம் தேதியை உலக உயிரி எரிபொருள் தினம் என்று கொண்டாடுகிறார்கள். 1893-இல் அந்த நாளில் அவர் கடலை எண்ணெயில் எஞ்சினை ஓட்டிக் காட்டினார் என்று பத்திரிகைகளில் ஆண்டுதோறும் எழுதுவார்கள். அன்று ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய முதல் எஞ்சின் சோதிக்கப்பட்டது என்பது உண்மை. கடலை எண்ணெய் அதில் இல்லை.

கடலை எண்ணெய் வந்தது 1900-இல், பாரிஸ் உலகக் கண்காட்சியில். ஓட்டோ நிறுவனம் வைத்திருந்த ஒரு சிறிய டீசல் எஞ்சின் அங்கே நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்டதால் செய்த ஏற்பாடு அது. ஆப்பிரிக்கக் காலனிகளில் கடலை ஏராளமாக விளைகிறது. அங்கேயே கிடைக்கும் எண்ணெயில் எஞ்சின் ஓடினால் நிலக்கரியும் பெட்ரோலியமும் கப்பலில் அனுப்ப வேண்டியதில்லை என்பது அவர்கள் கணக்கு. எஞ்சின் அவ்வளவு சீராக ஓடியதால், எரிவது என்ன எண்ணெய் என்பதைப் பார்க்க வந்தவர்களில் மிகச் சிலரே கவனித்தார்களாம். 1912-இல் டீசலே இதை எழுதி வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அவர் காணாமல் போய்விட்டார்.

பிறகு பெட்ரோலியம் மலிந்தது. எஞ்சின் செய்பவர்களும் மண்ணெண்ணெயைவிடக் கொஞ்சம் கனமான கனிம எண்ணெய்க்கு ஏற்றபடி பம்ப்பையும் நாசிலையும் வடிவமைத்துக்கொண்டார்கள். அந்த எண்ணெய்க்கே டீசல் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் பழைய டீசல் எஞ்சின் தாவர எண்ணெயை முழுக்க மறந்துவிடவில்லை.

சிக்கல் ஒன்றுதான்: தாவர எண்ணெய் கெட்டி. மார்கழியில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குத் தெரியும். ஐரோப்பியக் குளிரில் சூரியகாந்தி எண்ணெயும் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப் விதை எண்ணெயும் உறையாவிட்டாலும் குழம்பாகும்; நாசிலில் சரியாகத் தூவாது. இதற்கு மூன்று வழிகள் கண்டுபிடித்தார்கள். ஒன்று, எண்ணெயோடு டீசலைக் கலந்து நீர்க்கச் செய்வது. இரண்டு, காரில் இரண்டு டேங்க் வைத்து, டீசலில் கிளப்பி, எஞ்சின் சூட்டில் எண்ணெய் இளகியதும் அதற்கு மாறுவது. மூன்று, மெதனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து எண்ணெயிலிருந்து கிளிசரினைப் பிரித்துவிடுவது. மிஞ்சுவதுதான் பயோடீசல். முதல் வழிக்கு ஒரு புனல் போதும். வரிக்காரருக்குத் தலைவலி வந்ததும் அதனால்தான்.

லனெத்லியில் வறுவல் வாசனை

பிரிட்டனில் 1993 முதல் சில ஆண்டுகள் எரிபொருள் தீர்வையை விலைவாசி உயர்வுக்கும் மேலே ஒவ்வோர் ஆண்டும் ஏற்றிக்கொண்டே போனார்கள். முதலில் 3 சதவீதம், பிறகு 5, பிறகு 6. 1999 இறுதியில் அதை நிறுத்தினாலும், அதற்குள் ஐரோப்பாவிலேயே மிக அதிக வரி விழும் டீசல் அங்கேதான் என்று ஆகிவிட்டது. 2000 செப்டம்பரில் விவசாயிகளும் லாரிக்காரர்களும் சுத்திகரிப்பு ஆலைகளின் வாசலை மறித்தார்கள். சில நாள் நாடே பெட்ரோல் இல்லாமல் நின்றது.

2002-இல் ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ 75 பென்ஸ். அதில் கலால் தீர்வை மட்டும் 45.82 பென்ஸ். அதன்மேல் 17.5 சதவீத மதிப்புக் கூட்டு வரி. இரண்டையும் கூட்டினால் விலையில் நான்கில் மூன்று பங்கு வரி. அதே ஊர் சூப்பர் மார்க்கெட்டில் மலிவு ரகச் சமையல் எண்ணெய் இதில் ஏறக்குறைய பாதி விலை. உணவுப் பொருள் என்பதால் அதற்கு மதிப்புக் கூட்டு வரியும் கிடையாது.

தென் வேல்ஸில் லனெத்லி என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் தகரத் தகடு செய்வதில் உலகப் பெயர் பெற்றது. வாணலி, சட்டிகளுக்கு ஈயம் பூசும் தொழிலும் அங்கே நடந்தது. அந்த ஊர் ரக்பி மைதானத்தில் கோல் கம்பத்தின் உச்சியில் சிவப்புச் சட்டி கவிழ்த்திருப்பார்கள். அதுதான் ஊர் அடையாளம். ஆலைகள் மூடி, வேலை குறைந்து, கையில் காசு புழங்காத காலம். அங்கே சிலர் சமையல் எண்ணெயோடு ஏதாவது ஒரு ஸ்பிரிட்டைக் கொஞ்சம் கலந்து பழைய டீசல் கார்களில் ஊற்ற ஆரம்பித்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். பக்கத்து ஊரான ஸ்வான்ஸியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில், வேறு எந்தக் கிளையிலும் இல்லாத அளவுக்குச் சமையல் எண்ணெய் விற்றுத் தீர்ந்தது. அங்கே இருப்பவர்கள் நிறைய வறுத்துச் சாப்பிடுகிறார்கள் என்றுதான் கடைக்காரர்கள் முதலில் நினைத்தார்களாம்.

2002 இலையுதிர் காலத்தில் போலீசும் சுங்க, கலால் துறையும் சேர்ந்து சாலையில் சோதனைக்கு இறங்கின. சமையல் எண்ணெயில் ஓடும் காரின் புகையில் மீன் வறுவல் கடை வாசனை வரும். அதை வைத்தே வண்டிகளை நிறுத்தினார்கள். பிடிபட்டவர்கள் 500 பவுண்டு அபராதம் கட்ட வேண்டும். இல்லையென்றால் கார் பறிமுதல். லண்டன் போலீசில் 'ஃப்ளையிங் ஸ்குவாட்' என்று ஒரு பறக்கும் படை உண்டு. அதை ஒட்டிப் பத்திரிகைகள் இவர்களுக்கு 'ஃப்ரையிங் ஸ்குவாட்' என்று பெயர் சூட்டின. வறுவல் படை! உலகமே சிரித்தது.

எனக்குச் சிரிப்பைவிட ஒரு கணக்கு முக்கியமாகப் பட்டது. எண்ணெய்க்குப் பாதி விலை, சுமார் 37 பென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 45.82 பென்ஸ் தீர்வையை நேர்மையாகக் கட்டினால் 83 பென்ஸ் ஆகிறது. பங்கில் கிடைக்கும் டீசலே 75 தான்! ஆக, அந்த ஓட்டுநருக்குக் கிடைத்த லாபம் முழுவதும் கட்டாமல் விட்ட வரிதான். எண்ணெயில் மிச்சம் ஒன்றும் இல்லை. துறை ஏன் இவ்வளவு மும்முரமாக இறங்கியது என்பது இந்தக் கணக்கைப் போட்டால் புரியும். நானாக இருந்தாலும் இறங்கியிருப்பேன்.

'ஒதுக்கி வைத்தல்' என்ற இரண்டு சொல்

பிரிட்டனின் 1979-ஆம் ஆண்டு ஹைட்ரோகார்பன் எண்ணெய்த் தீர்வைச் சட்டம் கனிம எண்ணெய்க்காக எழுதப்பட்டது. பிறகு 'எரிபொருள் மாற்று' என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கனிம எண்ணெய் அல்லாத எந்தத் திரவமானாலும், அதை எஞ்சினுக்கு எரிபொருளாகப் பயன்படுத்தினால் தீர்வை உண்டு. தீர்வை எப்போது எழுகிறது? அந்தப் பயனுக்கென்று ஒருவர் அதை 'ஒதுக்கி வைக்கும்' நேரத்தில்.

கலால்காரனுக்கு இது தூக்கம் கெடுக்கும் வரி. கடையில் வாங்கும்போது எண்ணெய்க்குத் தீர்வை இல்லை. வீட்டு அலமாரியில் இருக்கும்போதும் இல்லை. "இதில் பாதி சமையலுக்கு, பாதி காருக்கு" என்று வீட்டுக்காரர் மனதுக்குள் பிரிக்கிறாரே, அந்தக் கணத்தில் காருக்கு என்று நினைத்த பாதிக்குத் தீர்வை விழுந்துவிடுகிறது. நாம் தொழிற்சாலை வாசலில் வைக்கும் சோதனைச் சாவடியை அவர்கள் ஒரு மனிதனின் எண்ணத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

சாதாரணமாக இப்படிப்பட்ட இடங்களில் எங்களைப் போன்றவர்கள் சாயத்தையும் நாற்றத்தையும்தான் நம்புவோம். தொழிற்சாலைக்குப் போகும் சாராயத்தைக் குடிக்க முடியாதபடி கெடுத்து அனுப்புவது அதனால்தான். பிரிட்டனில் விவசாய டீசலுக்குச் சிவப்புச் சாயம் போடுகிறார்கள். 2002-இல் அதற்குத் தீர்வை லிட்டருக்கு 3 பென்ஸ் சொச்சம்தான். கார் டேங்கில் குழாயை விட்டு உறிஞ்சிப் பார்த்துச் சிவப்பாக இருந்தால் வழக்கு. ஆனால் சாப்பாட்டு எண்ணெயில் சாயம் கலக்க முடியுமா? முடியாது. வாசனை ஒன்றுதான் சாட்சி.

அதே 2002-இல், ஜூலை 26 முதல், பயோடீசலுக்குத் தனித் தீர்வை வந்தது. டீசலைவிட 20 பென்ஸ் குறைவு: 25.82 பென்ஸ். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று கொடுத்த சலுகை. பயோடீசல் என்றால் என்ன என்பதற்குச் சட்டம் இலக்கணம் சொன்னது: தாவரப் பொருளிலிருந்தோ, பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்தோ செய்த, டீசலின் தரமுள்ள திரவம், எஸ்டர் அளவு 96.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கந்தகம் 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இங்கேதான் விளையாட்டு ஆரம்பித்தது. எண்ணெயை நேராக ஊற்றுபவர்கள் ரசாயனப் புத்தகத்தைப் புரட்டினார்கள். தாவர எண்ணெய் என்பதே ட்ரைகிளிசரைடு, அதுவும் எஸ்டர்தானே! 96.5 என்ன, அதற்கு மேலேயே இருக்கிறது. ஆகவே எங்களுக்கும் 20 பென்ஸ் சலுகை வேண்டும் என்றார்கள். துறை 'டீசலின் தரமுள்ள' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. சும்மா ஊற்றிய எண்ணெய்க்கு டீசலின் தரம் இல்லை. ஆகவே முழுத் தீர்வை என்றது. ஒரு சட்டத்தின் இலக்கணத்தில் எந்தச் சொல் எந்த நாளில் உயிர் பெற்று எழும் என்று சொல்ல முடியாது. தீர்ப்பாயத்தில் இப்படிப்பட்ட வாதங்களை மணிக்கணக்கில் கேட்டவன் நான். இரு பக்கமும் நியாயம் இருப்பது போலவே இருக்கும்.

தொகை ஒரு பக்கம் இருக்கட்டும். சிறிய அளவில் செய்பவரும் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மாதா மாதம் படிவம் நிரப்பித் தீர்வையைச் செலுத்த வேண்டும். வாரம் பத்து லிட்டர் காய்ச்சுபவருக்கும் ஆலை நடத்துபவருக்கும் ஒரே முறை. பத்து லிட்டர்காரரிடமிருந்து வரும் தீர்வையைவிட அவருடைய படிவத்தைத் திறந்து, படித்து, பதிந்து, கோப்பில் வைக்கும் குமாஸ்தாவின் சம்பளம் அதிகம்.

2,500 லிட்டர்

இதை அந்த அரசாங்கமே உணர்ந்தது. 2007 ஜூன் 30 முதல் புதிய ஏற்பாடு வந்தது. பன்னிரண்டு மாதத்தில் 2,500 லிட்டருக்குள் பயோடீசலோ தாவர எண்ணெயோ தயாரிப்பவருக்கும், எரிபொருளாகப் பயன்படுத்துபவருக்கும் தீர்வை இல்லை, பதிவு இல்லை, படிவம் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: எவ்வளவு என்று கணக்கு எழுதி வைத்திருக்க வேண்டும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றாலும் 2,500 லிட்டரில் 37,500 கிலோமீட்டர் ஓட்டலாம். ஒரு குடும்பத்துக்கு ஓராண்டுக்கு இது தாராளம்.

அடுத்த ஆண்டு, 2008 கோடையில், நானும் என் மனைவியும் ஸ்வான்ஸியில் இருந்த மகள் வீட்டில் நான்கு மாதம் தங்கினோம். அடுத்த வீட்டுக்காரர் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு பழைய டீசல் கார். வீட்டுப் பின்புறக் கொட்டகையில் பீப்பாய்கள், துணி வடிகட்டிகள், ஒரு பழைய வெந்நீர்த் தொட்டி. தெருமுனை மீன் வறுவல் கடையில் பயன்படுத்திய எண்ணெயை வாங்கி வந்து, நாள் கணக்கில் தெளிய விட்டு, வடிகட்டி ஊற்றுவார். அந்த ஜூலையில் டீசல் லிட்டர் 1 பவுண்டு 30 பென்ஸைத் தாண்டியிருந்தது.

நான் கலால் துறைக்காரன் என்று மகள் சொல்லிவிட்டாள். அவர் உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். தேதி, கடையிலிருந்து வாங்கியது எத்தனை லிட்டர், கசடு போக எத்தனை, காரில் ஊற்றியது எத்தனை, மீதி எத்தனை. நம்முடைய ஆர்.ஜி.1 பதிவேட்டில் உள்ளதைப் போலவே தொடக்க இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு! யாரும் அவருக்குப் படிவம் அச்சடித்துத் தரவில்லை. யாரும் சோதனைக்கு வந்ததும் இல்லையாம். "ஒருநாள் வந்தால் காட்ட வேண்டுமே" என்றார். அதுவரை அவர் எழுதியிருந்த மொத்தம் 900 லிட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. அதாவது சலுகையின் பாதியைக்கூடத் தொடவில்லை.

அன்று இரவு என் மனைவியிடம் சொன்னேன்: ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே தெருவில் இந்த மனிதர் குற்றவாளி. இன்று கணக்குப் பிள்ளை. அவர் மாறவில்லை, எண்ணெயும் மாறவில்லை. ஒரு வரம்பு எழுதினார்கள், அவ்வளவுதான்.

பெரியவர்களுக்குச் சலுகை போன விதம் வேறு. 2008 ஏப்ரல் 15 முதல் எண்ணெய் நிறுவனங்கள் தாங்கள் விற்பதில் ஒரு பங்கு உயிரி எரிபொருளாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. கட்டாயம் வந்த பிறகு சலுகை எதற்கு? 2010 ஏப்ரலில் 20 பென்ஸ் சலுகையை எடுத்துவிட்டார்கள். பயன்படுத்திய சமையல் எண்ணெயில் செய்த பயோடீசலுக்கு மட்டும் இரண்டு ஆண்டு கூடுதல் தவணை கொடுத்து, அதுவும் 2012 மார்ச்சோடு முடிந்தது. 2,500 லிட்டர் வரம்பை மட்டும் தொடவில்லை.

ஜெர்மனியும் அமெரிக்காவும்

ஜெர்மனி எதிர்த் திசையில் நடந்தது. அங்கே முதலில் சுத்தமான தாவர எண்ணெய்க்குத் தீர்வையே இல்லை. கனிம எண்ணெய்ச் சட்டம் கனிம எண்ணெய்க்குத்தான் என்று நேராகப் பொருள் கொண்டார்கள். லாரிக் கம்பெனிகள் ரேப் விதை எண்ணெய்க்கு மாறின. எண்ணெயிலேயே ஓடும் எஞ்சினை லுட்விக் எல்ஸ்பெட் என்ற பொறியாளர் வடிவமைத்தார். எரிபொருளாகும் ரேப் விதை எண்ணெய்க்கு அரசுத் தர நிர்ணயமே வந்தது.

2006 ஆகஸ்டில் புதிய எரிசக்தி வரிச் சட்டம் வந்ததும் காட்சி மாறியது. பயோடீசலுக்கு உடனே லிட்டருக்கு 9 சென்ட். தாவர எண்ணெய்க்கு 2008 முதல் சுமார் 10 சென்ட், அடுத்த ஆண்டு 18 என்று ஏறி, கடைசியில் 45 சென்ட் ஆனது. டீசலுக்கே 47.04 தான். அதே காலத்தில் உலகச் சந்தையில் சமையல் எண்ணெய் விலையும் ஏறியது. சலுகையை நம்பி எஞ்சினை மாற்றிய லாரிக்காரர்கள் திரும்ப டீசலுக்கு வந்தார்கள். வயலில் உழும் டிராக்டருக்கு மட்டும் விலக்கு நீடித்தது. வரிச் சலுகையை நம்பி முதல் போடுகிறவர்கள் இந்தப் பாடத்தை மறக்கக் கூடாது: சட்டம் கொடுத்ததைச் சட்டமே எடுத்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். வட கரோலினாவில் ஒருவர் தம் பழைய காரின் பின்பக்கம் "முழுக்க முழுக்கத் தாவர எண்ணெயில் ஓடுகிறது" என்று பெருமையாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். அதைப் படித்த அதிகாரிகள் சாலை வரி கட்டவில்லை என்று 1,000 டாலர் அபராதம் போட்டார்கள். இல்லினாய் மாநிலத்தில் ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் வீட்டுக்கு 2007-இல் வருவாய்த் துறையினர் வந்தார்கள். அவர் 'எரிபொருள் வழங்குநர்' என்று உரிமம் எடுத்து, 2,500 டாலர் பிணை கட்ட வேண்டும் என்றார்கள். அவர் உண்மையில் கட்ட வேண்டியிருந்த வரி 250 டாலருக்கும் குறைவு! வரியைவிடப் பத்து மடங்கு பிணை. செய்தி வெளியானதும் ஊரே கேலி பேசியது. சட்டத்தைத் தளர்த்தும் பேச்சு எழுந்தது. பெரிய விநியோகஸ்தருக்கு எழுதிய விதியைச் சின்ன மனிதர் மேல் அப்படியே விரித்தால் இப்படித்தான் ஆகும்.

நம் நாட்டில் ஏன் நடக்கவில்லை

நம் ஊரில் இந்தக் கதை நடக்காததற்குக் காரணம் எளிது. இங்கே சமையல் எண்ணெய் டீசலைவிட விலை அதிகம். தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறோம். ரேஷன் பாமாயிலுக்கு வரிசையில் நிற்கும் நாட்டில் அதைக் காரில் ஊற்ற யாருக்கு மனம் வரும்? மோட்டார் வாகனச் சட்டமும், பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்ற அனுமதி வேண்டும் என்கிறது.

ஆனால் அதே கணக்கு நம் நாட்டில் வேறு திரவத்தில் நடந்தது. ஏழை வீட்டு அடுப்புக்கும் விளக்குக்கும் மானிய விலையில் மண்ணெண்ணெய். லாரிக்கு வரியோடு டீசல். இரண்டும் ஒன்றோடு ஒன்று கலக்கும். விலை வித்தியாசம் பெரிது. நீலச் சாயம் போட்டார்கள். சாயத்தை எடுக்கும் வித்தையும் வந்தது. 2011 ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் மன்மாட் அருகே இந்தக் கலப்படத்தை நேரில் பிடிக்கப் போன கூடுதல் ஆட்சியர் ஒருவரை உயிரோடு எரித்துக் கொன்றார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் துறையிலும் வாசலில் நின்று லாரியை மறித்தவர்கள் உண்டு.

வேல்ஸில் வறுவல் வாசனை, மன்மாடில் பிணம். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஒன்றுக்கு ஒன்று பதிலாகும் இரண்டு திரவங்களுக்கு இரண்டு வரி வைத்தால், நடுவில் உள்ள இடைவெளியில் யாராவது குடியேறுவார்கள். இடைவெளி சிறிதாகவும் ஆட்கள் தனித்தனியாகவும் இருந்தால் அது கொட்டகை வேலை. பெரிதாகி, லாரியும் கூட்டமும் சேர்ந்தால் அது கொலைவெறித் தொழில். சட்டம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது இங்கேயும் பயன்படுத்திய எண்ணெய்க்கு மதிப்பு வந்திருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு உதவாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் விதி வைத்திருக்கிறது. பஜ்ஜிக் கடையிலும் ஓட்டலிலும் மிஞ்சுவதைச் சேகரித்துப் பயோடீசலாக்கும் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் என்பது தேசியக் கொள்கை. எண்ணெய் நிறுவனங்களுக்குக் கலப்பதற்காகக் கொடுக்கும் பயோடீசலுக்கு 2021-இல் ஜி.எஸ்.டி.யை 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். அந்த எண்ணெய் நம் வயிற்றுக்குள் போகாமல் வண்டிக்குள் போனால் நல்லதுதான்.

வரி எதற்கு?

கடைசியாக அடிப்படைக் கேள்விக்கு வருகிறேன். டீசல் தீர்வை என்பது உண்மையில் எதன் மேல் போடும் வரி? சாலையைத் தேய்ப்பதற்கும் காற்றைக் கெடுப்பதற்கும் கட்டும் கட்டணத்தை, வசூலிக்க வசதியாக எண்ணெயோடு சேர்த்து வாங்குகிறார்கள் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் நியாயம். எல்லா வண்டியும் ஒரே எண்ணெயில் ஓடும்வரை அது சௌகரியம். யாராவது வேறு எண்ணெய் ஊற்றினால் வசூல் கையை விட்டுப் போகிறது. உடனே சட்டம் அந்த எண்ணெயைத் துரத்திக்கொண்டு சமையலறைக்குள் நுழைகிறது.

நியூசிலாந்து இந்தத் தலைவலியே இல்லாமல் 1970-களின் இறுதியிலேயே தப்பித்துக்கொண்டது. அங்கே டீசலைப் பங்கில் வாங்கும்போது பெட்ரோலுக்குப் போல் சாலைத் தீர்வை கிடையாது. டீசல் வண்டி வைத்திருப்பவர் ஓட்டப் போகும் தூரத்துக்கு முன்கூட்டியே கட்டணம் செலுத்தி உரிமம் எடுக்க வேண்டும். சாதாரணக் காருக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர். டேங்கில் டீசல் இருந்தால் என்ன, கடலை எண்ணெய் இருந்தால் என்ன? சாலைக் கணக்கு மீட்டரில் இருக்கிறது. மோப்பம் பிடிக்க ஆள் வேண்டாம். 2024 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்களையும் அதே முறைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

மின்சாரக் கார்தான் இனி எல்லா நாட்டுக்கும் வரப்போகும் சமையல் எண்ணெய். வீட்டு விளக்குக்கு வரும் அதே மின்சாரம், அதே பிளக் வழியாகக் காருக்குள் போகிறது. சாயம் போட முடியாது, வாசனைகூட வராது. லனெத்லியில் 500 பவுண்டு கட்டியவர்களிடம் கேட்ட கேள்வியை இனி கோடிக்கணக்கான பேரிடம் கேட்க வேண்டியிருக்கும். அந்த நாள் வரும்போது நம் ஊரில் விதி எழுதப்போகும் இளைய அதிகாரிகளுக்கு ஒரு பழைய ஊழியனின் யோசனை: வரியைச் சாலையில் வையுங்கள். சின்ன மனிதருக்கு ஒரு வரம்பு கொடுத்து, கணக்கு மட்டும் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் ஒழுங்காக எழுதுவார்கள்.